மே மாதத்தைக் கேட்டு வேகத்தைக் கூட்டுங்கள்

வீட்டுக் கம்ப்யூட்டரின் வேகத்தைக் கூட்டப் போகிறேன் என்று பிள்ளை சொல்வதும், "ஓடுகிறதை ஓட விடு, அதில் கை வைத்தால் தெரியும் சேதி" என்று தகப்பனார் அதட்டுவதும் தலைநகர்த் தமிழர் வீடுகளில் சகஜமாகிவிட்டது. சென்ற சில மாதங்களில் மட்டும் இப்படிப்பட்ட மூன்று வழக்குகள் என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தன. கருவிகளைச் சோதித்துத் திருத்தும் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு இந்த உத்தியோகம் கிடைத்திருக்கிறது. மூன்று வீட்டிலும் நான் சொன்ன தீர்ப்பு ஒன்றுதான். பிள்ளையைச் செய்ய விடுங்கள்; ஆனால் எவ்வளவு செய்யலாம் என்பதை வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாமல், நம் வீட்டு மே மாதப் பிற்பகலைக் கேட்டு முடிவு செய்யுங்கள். இந்தத் தீர்ப்பு தகப்பனார்களுக்கும் பிடிக்கவில்லை, பிள்ளைகளுக்கும் பிடிக்கவில்லை. எனவே காரணங்களை எழுதிவிடுவது நல்லது.

முதலில் விஷயம் இன்னதென்று தெரியாதவர்களுக்காக. கம்ப்யூட்டரின் மூளையாகிய பிராசஸர் ஒரு தாளத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறது. 3.6 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருந்தால் ஒரு விநாடிக்கு 360 கோடி தட்டு என்று பொருள். அந்தத் தாளத்தைத் தயாரிப்பாளர் குறித்ததைவிடக் கொஞ்சம் துரிதப்படுத்துவதற்குத்தான் ஓவர்கிளாக்கிங் என்று பெயர். ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். கம்ப்யூட்டர் விழிக்கும்போது பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

தயாரிப்பாளரே கூடுதல் வேகத்தை விற்றிருக்கலாமே, ஏன் மிச்சம் வைத்தார் என்று கேட்பீர்கள். ஒரே சிலிக்கன் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கும் நூற்றுக்கணக்கான சிப்புகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே தோசைக்கல்லில் வார்த்த தோசைகளில்கூட நடுவில் வார்த்தது ஒரு மாதிரி, ஓரத்தில் வார்த்தது ஒரு மாதிரி. தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். சுமாரான சிப், சுமாரான மதர்போர்டு, புழுக்கமான பெட்டி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தாலும் வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடக் கூடாது என்று கணக்குப் போட்டு வேகத்தைக் குறிக்கிறார்கள். மேலும் மலிவு விலை சிப்புக்குத் தேவை அதிகமாக இருந்தால், வேகமாக ஓடக் கூடியதையும் மெதுவானது என்று முத்திரையிட்டு விற்பதுண்டு. ஆக, மிச்சம் என்பது கற்பனையல்ல. எந்த சிப்பில் எவ்வளவு என்பதுதான் தெரியாது.

இந்த மிச்சத்துக்கு வரலாற்றில் பெயர் வாங்கித் தந்தது 1998 ஆகஸ்டில் வந்த இன்டெல் செலரான் 300ஏ. நேரு ப்ளேஸில் கம்ப்யூட்டரைப் பகுதி பகுதியாக வாங்கிக் கூட்டிக் கட்டியவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். 66 மெகாஹெர்ட்ஸ் பாதையில் நான்கரை மடங்கு, ஆக 300 மெகாஹெர்ட்ஸ். அந்தப் பாதையை 100 என்று மாற்றினால் 450. நூறு என்பது மதர்போர்டுக்கு ஏற்கெனவே தெரிந்த எண் என்பதால் மற்றப் பாகங்கள் எதுவும் முறைத்துக்கொள்ளாது. சிப்புக்கு உள்ளேயே 128 கிலோபைட் கேஷ் நினைவகம் முழு வேகத்தில் ஓடியதால், அதே நாட்களில் பல மடங்கு விலைக்கு விற்ற 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் டூவோடு பல வேலைகளில் அது தோளோடு தோள் நின்றது. பெட்டியோடு வந்த சாதாரண விசிறியே போதுமானதாக இருந்தது. ஐம்பது சதவிகிதம் இலவசம்! அதற்குப் பிறகு அப்படி ஓர் அதிர்ஷ்டம் சாமானியர்களுக்கு வாய்த்தது அபூர்வம்.

ஆனால் அதே பத்தாண்டில் இதன் மறுபக்கமும் நடந்தது. மெதுவான சிப்பின் மேல் இருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு வேகமான சிப்பின் எழுத்தைப் பொறித்து விற்ற மோசடிக்காரர்கள் உலகெங்கும் இருந்தார்கள். வாங்கியவருக்குத் தெரியாமலேயே அவர் வீட்டில் ஓவர்கிளாக்கிங் நடந்து கொண்டிருக்கும். பெருக்கும் எண்ணைத் தயாரிப்பாளர்கள் பூட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். தகப்பனார்களின் பயம் அந்தக் காலத்தில் விளைந்தது என்று நினைக்கிறேன். பல மாதச் சம்பளத்தைக் கொட்டி, தவணை கட்டி வாங்கிய கம்ப்யூட்டருக்குப் பூ வேலை செய்த துணி உறை போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அதன் அறைக்குள் நுழைந்த தலைமுறை நாம். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஊரில் என்றால் மாமாவோ சித்தப்பாவோ பக்கத்துத் தெருவிலிருந்து வந்து பார்ப்பார். இங்கே பெட்டி நின்று போனால் கடைக்காரர் சொல்வதே வேதம்.

இனி சூட்டுக்கு வருவோம். இந்தக் கட்டுரைக்கு உயிர்நாடி இதுதான்.

சிப்பில் உண்டாகும் வெப்பம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. தாள வேகம் கூடினால் வெப்பம் அதே விகிதத்தில் கூடுகிறது. மின்னழுத்தம் கூடினால் அதன் வர்க்க விகிதத்தில் கூடுகிறது. வேகத்தை மட்டும் பத்து சதவிகிதம் கூட்டினால் வெப்பம் ஏறத்தாழப் பத்து சதவிகிதம் கூடும். அந்த வேகத்தில் சிப் தடுமாறுகிறது என்று மின்னழுத்தத்தையும் பத்து சதவிகிதம் கூட்டினால், 1.1 பெருக்கல் 1.1 பெருக்கல் 1.1, அதாவது 33 சதவிகிதம் அதிக வெப்பம். பத்து ரூபாய் சாமானுக்கு முப்பத்து மூன்று ரூபாய் கொடுப்பது போல. எனவே அடக்கமான ஓவர்கிளாக்கிங் என்று நான் சொல்வது, மின்னழுத்தத்தை உயர்த்தாமல், முடிந்தால் சற்றுக் குறைத்தே, கிடைக்கிற வேகத்தோடு திருப்திப்படுவது. அதற்கு மேல் ஆசைப்பட்டால் விசிறி மாற்ற வேண்டும், பிறகு பெட்டி மாற்ற வேண்டும், பிறகு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டும். கோவணத்தில் எலி கடித்தது என்று பூனை வளர்க்கப் போய்க் கடைசியில் குடும்பஸ்தனான சந்நியாசியின் கதைதான்.

சிப்பைக் கெடுப்பதும் பெரும்பாலும் மின்னழுத்தம்தான், தாளமல்ல. இதற்கு அண்மைக்காலச் சான்று உண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் பலருக்கு அடிக்கடி நின்று போயின. சிப்பின் உள் நிரல் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டதே காரணம் என்று 2024 ஜூலையில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டியது. வாங்கியவர்கள் பயாஸில் எதையும் தொடாமலே பட்ட பாடு அது. தொட்டால்தான் கெடும், தொடாவிட்டால் கெடாது என்ற நம் பழைய நம்பிக்கைக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

இனி தில்லிக்கு வருவோம். நம் பிள்ளைகள் பார்க்கும் வீடியோக்களில் வரும் அறைகள் இருபது, இருபத்திரண்டு டிகிரியில் இருப்பவை. "என் சிப் எழுபது டிகிரியைத் தாண்டவில்லை" என்று அந்த இளைஞர் சொன்னால், அறையைவிட ஐம்பது டிகிரி அதிகம் என்றுதான் அதற்கு அர்த்தம். விசிறி வைத்த அலுமினியப் பாளம் அறைச் சூட்டுக்குக் கீழே சிப்பைக் கொண்டு போகவே முடியாது. அறைக்கு மேல் இத்தனை டிகிரி என்று நிறுத்தி வைக்கத்தான் முடியும். தண்ணீர்க் குழாய் ஓடும் விலை உயர்ந்த சாதனமும் இந்த விதிக்கு அடங்கியதுதான். அதே அமைப்பை ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸிலோ, முனீர்க்காவின் மொட்டை மாடி பர்சாத்தியிலோ மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு நாற்பது டிகிரி அறையில் ஓட்டினால் சிப் தொண்ணூறுக்குப் போகும். ஏ.எம்.டி. ரைசனின் முதல் தலைமுறைக்கு 95 டிகிரி உச்ச வரம்பு. அங்கே நெருங்கியதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகத்தைக் கூட்டிய கம்ப்யூட்டர் கூட்டாத கம்ப்யூட்டரைவிட மெதுவாக ஓடும் விந்தை அப்போது நடக்கும்.

நமக்குச் சுகமாக இருப்பது சிப்புக்குச் சுகமாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் நம் வியர்வை உலர்வதால் நமக்குக் குளிர்கிறது. சிப்புக்கு வியர்வை கிடையாது. ஜூலை மாதப் புழுக்கம் நம்மைத்தான் வாட்டும்; சிப்புக்கு அது வெறும் 34, 35 டிகிரி. மே மாத லூ காற்றுதான் அதற்கு எமன்.

மயூர் விஹாரில் மேல்தளத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பம். பையன் பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டில் ரைசன் 5 1600 சிப் உள்ள பழைய கம்ப்யூட்டர், அத்துடன் வந்த விசிறி. 2017-இல் வெளிவந்த சிப் அது; ஆறு கோர். பெட்டியில் போட்ட வேகம் 3.2, ஆறு கோரும் சேர்ந்து உழைக்கும்போது 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை தானே போகும். பையன் ஜனவரி குளிர்கால விடுமுறையில் அதை 3.8-க்கு ஏற்றி, மின்னழுத்தத்தை 1.35 வோல்ட் ஆக்கி, ஒரு மணி நேரம் கடும் சோதனை ஓட்டினான். 68 டிகிரி. அமோகம் என்று அப்படியே விட்டுவிட்டான். பிப்ரவரி போயிற்று, பரீட்சை போயிற்று. மே பிறந்ததும் தினமும் மதியத்தில் பெட்டி நின்றது. தூக்கிக்கொண்டு போய்க் காட்டிய கடையில் மதர்போர்டு போய்விட்டது, புதிதாகப் போட ஏழாயிரம் ஆகும் என்றார்கள். பையனின் அம்மா எனக்கு ஃபோன் செய்தார். "அண்ணா, ஒரு நடை வந்து பாருங்களேன். இவர் பணத்தை எடுத்து வைத்துவிட்டார்."

சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர் இருந்தது மேஜைக்கு அடியில், மூன்று பக்கமும் பலகை அடைத்த அறையில். வெப்பமானியை அதற்குள் கால் மணி நேரம் வைத்தேன். 41 டிகிரி. ஜனவரியில் அந்த வீடு 14 டிகிரி என்று வைத்துக்கொண்டால், பையன் பார்த்த 68 என்பது அறையைவிட 54 அதிகம். 41-உடன் 54-ஐக் கூட்டிப் பாருங்கள். சரியாக 95. இதற்கு மதர்போர்டு என்ன செய்யும்?

பெட்டியைத் திறந்தால், ஆந்திப் புழுதி அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கம்பளி போலப் படிந்திருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தோம். பெட்டியை மேஜைக்கு வெளியே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். வேகத்தை 3.6-க்கு இறக்கி, மின்னழுத்தத்தை 1.2-க்குக் கொண்டு வந்தோம். அன்று மாலை நாலு மணிக்கு அதே சோதனையில் 79 டிகிரி. அதற்குப் பின் அது நிற்கவில்லை.

"அப்போ ஜனவரியிலே நான் பண்ணின டெஸ்ட் தப்பா மாமா?" என்றான் பையன்.

"டெஸ்ட் சரிதான்டா, மாதம்தான் தப்பு" என்றேன்.

ஏழாயிரம் ரூபாய் மிஞ்சியதில் தகப்பனாருக்கு மகிழ்ச்சி. ஆனால் அவர் அதோடு நிறுத்தாமல், எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடச் சொன்னார். நான் மறுத்தேன். 3.4-லிருந்து 3.6 என்பது ஆறு சதவிகிதம்தான். பெரிய விஷயமில்லை. ஆனால் ஒரு எண்ணை மாற்றி, அதன் விளைவை அளந்து, காரணம் கண்டுபிடித்து, ஓர் இடத்தில் நிறுத்திக்கொள்ள அந்தப் பையன் அன்று பழகினான். பள்ளி இயற்பியல் செய்முறைப் புத்தகத்தில் விடை முன்கூட்டியே தெரிந்த சோதனைகளைத்தானே எழுதுகிறார்கள்? விடை தெரியாத ஒன்றை அவன் அளந்து பார்த்தது வாழ்க்கையில் இதுவே முதல் தடவையாக இருக்கலாம். அதை அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எந்தக் கம்ப்யூட்டரிலும் இது முடியும் என்பதில்லை. இன்டெல்லில் கே எழுத்து போட்ட சிப்பும், இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும். 2015-க்குப் பிந்தைய கே சிப்புகளுடன் பொதுவாக விசிறி வருவதில்லை. ஆகவே பெட்டியோடு வந்த விசிறியை வைத்துச் சமாளிக்கும் நம் போன்றவர்களின் வழி அதுவல்ல. ரைசன் வரிசையில் பெரும்பாலான சிப்புகள் பூட்டில்லாதவை. பி350, பி450 போன்ற போர்டுகள் இடம் கொடுக்கும், ஏ320 கொடுக்காது. ஆறேழு ஆண்டுகளுக்கு முன் வாங்கி இன்றும் வீட்டில் உழைத்துக்கொண்டிருக்கும் பெட்டிகளுக்கும், நேரு ப்ளேஸில் பழைய விலைக்குக் கிடைக்கும் பெட்டிகளுக்கும்தான் என் யோசனை பொருந்தும்.

புத்தம் புதியது வாங்கியவர்கள் பேசாமல் இருக்கலாம். சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும் வரை தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் கலையை இன்டெல் 2008-இல் வந்த கோர் ஐ7 சிப்பிலேயே புகுத்திவிட்டது. இன்று அது எல்லாச் சிப்பிலும் முற்றிவிட்டது. 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையின் பெரிய சிப்புகளோ, கடும் வேலையில் 95 டிகிரி வரை போவதே இயல்பு என்று வடிவமைக்கப்பட்டவை. மனிதர் கூட்டுவதற்கு அங்கே மிச்சம் அதிகம் இல்லை. அவற்றில் மின்சார வரம்பைக் குறைக்கும் ஈகோ மோட் என்ற வசதி உண்டு. தில்லி கோடைக்கு அதைப் போட்டுவிட்டால் கொஞ்சம் வேகம் போய் நிறையச் சூடு போகும். என்னைக் கேட்டால் இன்றைய சிப்புக்கு அதுதான் புத்திசாலித்தனமான ஓவர்கிளாக்கிங். பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வேகத்தைத் தொடும் முன் துடைப்பத்தைத் தொடுங்கள். தூசியை எடுத்து, உலர்ந்து போன தெர்மல் பேஸ்ட்டை வழித்துப் புதிதாகக் கடுகளவு வைத்தாலே பல டிகிரி இறங்கும். சிறு குழாய் ஒன்றின் விலை அதிகமில்லை. துணி உறையைக் கம்ப்யூட்டர் ஓடும்போது எடுத்துவிடுங்கள். எடுக்காத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். டெசர்ட் கூலர் ஓடும் அறையில் சூடு குறைவது நல்லதே. ஆனால் அது துப்பும் ஈரக் காற்று நேராகப் பெட்டிக்குள் போகும்படி வைக்காதீர்கள். நீர்த்துளியும் தில்லி நீரின் உப்பும் போர்டில் படிந்தால் அதைவிடப் புழுதியே தேவலை.

பிறகு, மின்னழுத்தத்தைத் தொடாமல் 100 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சோதிக்க வேண்டும். இதற்கு உலகெங்கும் பயன்படுவது ப்ரைம்95 என்ற இலவச நிரல். இது ஓவர்கிளாக்கிங்குக்காகப் பிறந்ததல்ல. 1996-இல் தொடங்கிய, மெர்சென் பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சிக்காக எழுதப்பட்டது. பிரம்மாண்டமான எண்களைப் பெருக்கிக்கொண்டே போகும். விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்து சிப்பைச் சோதிக்கும். ஒரு கணக்கு பிசகினாலும் சிப் தடுமாறிவிட்டது என்று தெரிந்துவிடும். கணிதத்தில் யாருக்கும் உடனடியாக உதவாத ஓர் ஆராய்ச்சி, உலகெங்கும் பையன்களின் கம்ப்யூட்டர்களைச் சோதிக்க உதவுவது எனக்கு எப்போதும் ரசிக்கத்தக்க ஒன்று. கணக்கு பிசகினால் ஒரு படி இறங்குங்கள். பிசகாமல் ஓடும் கடைசிப் படியிலிருந்தும் ஒரு படி இறங்கி நிறுத்துங்கள். ஏதாவது ஆகித் திரை இருண்டுவிட்டால் பதற வேண்டாம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பாட்டரியைச் சற்று நேரம் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

அறைச் சூட்டைக் கட்டாயம் எழுதி வையுங்கள். ஜனவரியில் செய்பவர்கள், சோதனையில் கண்ட சிப் வெப்பத்திலிருந்து அன்றைய அறை வெப்பத்தைக் கழித்து, நாற்பத்திரண்டைக் கூட்டிப் பார்க்க வேண்டும். விடை 85-க்குக் கீழே இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்பது என் கணக்கு. நாகபுரி, ஜெய்ப்பூர் அன்பர்களுக்கும் இதே கணக்குதான். பெங்களூர்க்காரர்கள் ஆண்டு முழுவதும் அனுபவிக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு டிகிரியைப் பார்த்து நாம் பெருமூச்சு விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கல்யாண வீடியோவைச் சிறிய கோப்பாக மாற்றுவது, பெரிய நிரலைத் தொகுப்பது போன்ற வேலைகளில் ஆறு, எட்டு சதவிகிதம் மிச்சமாகும். ஒரு மணி நேர வேலையில் நாலைந்து நிமிடம். கடிதம் அடிப்பதிலும், வங்கிக் கணக்குப் பார்ப்பதிலும் ஒன்றும் தெரியாது. விளையாட்டுகளில் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான் மூச்சு வாங்குகிறது. பிராசஸரை முடுக்கிப் பயனில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்பது மட்டும்தான் புகார் என்றால், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள். எந்த ஓவர்கிளாக்கிங்கும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. இன்னொன்று: எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் கட்டிப் போட்டால், ஒற்றைக் கோர் தனியாக எட்டக் கூடிய உச்ச வேகத்தைவிட அது குறைவாக இருந்துவிடக் கூடாது. அப்படி ஆனால் சில வேலைகள் முன்பைவிட மெதுவாகும். மயூர் விஹாரில் 3.6-இல் நிறுத்தியது அதையும் பார்த்துத்தான்.

மின்சாரச் செலவு பற்றிக் கேட்கும் இல்லத்தரசிகளுக்கு: கூடுதலாக முப்பது வாட், தினம் நாலு மணி நேரம் என்றால் மாதத்துக்கு மூன்றரை யூனிட்டைச் சற்றே தாண்டும். பால்கனி விளக்கை அணைக்க மறப்பதில் இதைவிட அதிகம் போகலாம். உத்தரவாதம் பற்றி: ஓவர்கிளாக்கிங்கால் வரும் சேதத்துக்குத் தயாரிப்பாளர்கள் பொறுப்பேற்பதில்லை, வசதியை அவர்களே செய்து கொடுத்திருந்தாலும்கூட. ஆகவே உத்தரவாதக் காலம் முடியாத கம்ப்யூட்டரில் கை வைக்கக் கூடாது. பெயர் தெரியாத மலிவு எஸ்.எம்.பி.எஸ். உள்ள பெட்டியிலும் வேண்டாம்.

தகப்பனார்களின் பயத்தில் நியாயமான பகுதி வேறொரு இடத்தில் இருக்கிறது. அதை அவர்கள் சொல்வதே இல்லை. சிப் எரிந்துவிடுமோ என்றுதான் அஞ்சுகிறார்கள். 2001-இல் பிரபலமான ஒரு சோதனையில் விசிறியைக் கழற்றியதும் அன்றைய ஏ.எம்.டி. சிப் புகைந்தது, பென்டியம் 4 வேகம் குறைந்து பிழைத்துக்கொண்டது. இன்றைய சிப்புகள் எல்லாமே தம்மைக் காத்துக்கொள்ளும். அஞ்ச வேண்டியது கோப்புகளுக்கு. விளிம்பில் ஓடும் சிப் எப்போதும் நின்று போய்த் தன் தவறைக் காட்டுவதில்லை. சில சமயம் சத்தமில்லாமல் ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஊரில் பாட்டியின் சதாபிஷேகத்தில் எடுத்த படங்கள், அம்மா வைத்திருக்கும் சீட்டுக் கணக்கு, வருமான வரித் தாள்கள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே பிரதியாக இருக்கும் வீட்டில் பையன் இந்தப் பரிசோதனையைச் செய்யக் கூடாது. முதலில் அவற்றை வெளி டிஸ்க்கில் பிரதி எடுக்கட்டும். எடுத்து, அது திறக்கிறதா என்று அம்மாவுக்குக் காட்டட்டும். இந்த ஒரு நிபந்தனையில் நான் தகப்பனார் கட்சி.

மற்றபடி, "கை வைக்காதே" என்பதை ஒரு கொள்கையாக வைத்திருக்கும் வீடுகளோடு எனக்கு உடன்பாடில்லை. நம்மில் பலர் ரயில்வேயிலும் தொலைபேசித் துறையிலும் மின்துறையிலும் வேலை கிடைத்துத்தான் தமிழ்நாட்டை விட்டு வந்தோம். ஸ்பானரும் மல்டிமீட்டரும் பிடித்த கைகள். அந்தக் கைகள் சம்பாதித்த பணத்தில் வளர்ந்த பிள்ளைகள் ஒரு பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றவே அனுமதி கேட்டு நிற்பது எனக்கு வினோதமாகப் படுகிறது. கெட்டால் என்ன ஆகும் என்று பட்டியலிட்டுப் பாருங்கள். இழக்கப் போவது பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

நீர்க் குளிர்விப்பானுக்குப் பல ஆயிரம் கேட்கும் பிள்ளைகளுக்கும் அதே கண்டிப்போடு சொல்கிறேன்: கொடுக்க வேண்டாம் என்று உங்கள் அப்பாவிடம் நானே சொல்லப் போகிறேன். பெட்டியோடு வந்த விசிறி தாங்கும் வேகம் எதுவோ அதுவே உங்கள் வேகம். அந்தப் பணத்தைச் சேர்த்து அடுத்த சிப் வாங்குங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தில்லியில் எந்தப் பேட்டையில், எத்தனையாவது மாடியில், எந்த மாதத்தில் அறைச் சூடு எவ்வளவு என்று யாரும் நமக்காக எழுதி வைக்கவில்லை. வானிலை அலுவலகம் தருவது வெளிச் சூடு. வரும் மே முதல் வாரத்தில், மதியம் இரண்டு மணிக்கு, கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் வெப்பமானியை வைத்து அறைச் சூட்டையும், அரை மணி நேரச் சோதனைக்குப் பின் சிப்பின் சூட்டையும் குறித்து இந்த இதழுக்கு அனுப்புங்கள். சிப்பின் பெயர், மாடி எண், கூலரா ஏ.சி.யா வெறும் ஃபேனா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வேகத்தைக் கூட்டாதவர்களும் அனுப்பலாம். ஆகஸ்ட் இதழில் அட்டவணையாகப் போடலாம். வெப்பமானி இல்லாதவர்கள் ஞாயிறு காலையில் சங்க நூலகத்துக்கு வந்தால் என்னிடம் இரண்டு இருக்கின்றன, ஒரு வாரத்துக்கு இரவல் தருகிறேன்.